சூடானால் சோர்ந்துபோகும் வண்டி

குளிர்கால முகாம், கௌடோகைனோ
12 ஜனவரி 1974

அன்புத் தம்பி அஸ்லாத்துக்கு,

கடவுள் உன் வீட்டுக்கு அமைதி தரட்டும். உன் மனைவி குன்வோர் சுகமா? உன் இருமல் விட்டதா? இங்கே விரல் விறைப்பதைத் தவிர எனக்கு ஒரு நோயும் இல்லை. கலைமான்கள் பனியைத் தோண்டித் தின்கின்றன. நான் அவற்றில் ஒன்றைத் தின்றுகொண்டே இதை எழுதுகிறேன்.

நோயெல்லாம் வண்டிக்குத்தான். நீ கடற்கரை ஊருக்குக் குடிபோகும்போது, "அக்கா, இது குதிர மாதிரி, பத்து வருஷம் ஓடும்" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அதே பனி ஸ்கூட்டர்தான். காலையில் எத்தனை குளிரானாலும் இரண்டு இழுப்பில் கிளம்பிவிடுகிறது. கொஞ்ச நேரம் சீறிக்கொண்டு ஓடுகிறது. எஞ்சின் சூடேறியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. கைப்பிடியை முழுக்க அழுத்தினாலும் என் நடைக்கு மேல் போவதில்லை. நிறுத்தி, ஒரு காப்பி குடித்துவிட்டு எழுந்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. மாப்பிள்ளை முறுக்கு பண்ணுகிறது.

போன வாரம் மந்தையின் கிழக்கு ஓரத்தை மடக்கப் போனேன். பாதியில் படுத்துவிட்டது. ஒரு பெரிய கும்பல் மான்கள் பக்கத்துக் கூட்டத்தார் மேய்ச்சலுக்குள் போய்விட்டன. என் மூத்தார் மிக்கால்தான் போய் ஓட்டிவந்தார். அவர் எங்கள் கூட்டத்துக்குத் தலைவர். அவர் தம்பி, என் புருஷன் ஹெய்கா, ஏரிப் பனி உடைந்து போய்ச் சேர்ந்த பிறகு, எனக்கும் தலைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். காப்பி குடிக்கும்போது எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "ரவ்னாவுக்கு வண்டிய ஓட்டத் தெரியல. வண்டிதான் ரவ்னாவ ஓட்டுது." எல்லாரும் சிரித்தார்கள். என் காப்பியை அவர் மடியில் ஊற்றியிருப்பேன், சூடு ஆறிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் மந்தை கடற்கரைக்குக் கிளம்பவேண்டும். என் மான்களும் நீ விட்டுப்போன மான்களும் சேர்ந்திருப்பதால்தான் எனக்கென்று தனி மந்தை இருக்கிறது. என்னால் அதை ஓட்டிக்கொண்டுபோக முடியாது என்று அவர் காட்டிவிட்டால், எல்லாம் அவர் மந்தையோடு கலந்துவிடும். நான் கிராமத்தில் உட்கார்ந்து ஊராருக்குக் காலணி தைக்கவேண்டியதுதான்.

நீ படகு எஞ்சின்களைப் பிரித்து மேய்கிறவன். என்ன கோளாறு என்று எழுது. சீக்கிரம் எழுது.

குன்வோருக்கு என் அன்பு.

உன் அக்கா ரவ்னா


ஹம்மர்ஃபெஸ்ட்
23 ஜனவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அமைதி உண்டாகட்டும். இருமல் விட்டது. குன்வோர் நலம். இங்கே மழையும் பனியுமாக மாறிமாறிப் பெய்கிறது.

வண்டியைப் பற்றி. பயப்படாதே. சூட்டில் சோர்ந்து, ஆறினால் தேறுகிறது என்றால் காரணங்கள் கொஞ்சம்தான். அடுத்த முறை சோர்ந்து நிற்கும்போது, ஆறவிடாமல் உடனே இதைச் செய். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் மேல் வைத்துக் கயிற்றை இழு. பொறி நீலமாகப் பளிச்சென்று தெறித்தால், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் நல்லது. மஞ்சளாக மினுங்கினால் காயில் சூட்டில் செத்துப்போகிறது என்று அர்த்தம். பிறகு பெட்ரோல் டேங்க் மூடியைத் திற. புஸ் என்று காற்றை உறிஞ்சினால் மூடியின் ஓட்டை அடைத்திருக்கிறது. பிளக்கின் நுனி என்ன நிறம் என்றும் பார்த்து எழுது.

எங்கள் மாடி அறை காலியாகவே கிடக்கிறது. மீன் ஆலையில் பெண்களை எடுக்கிறார்கள். சும்மா சொன்னேன்.

அன்புடன்,
அஸ்லாத்


முகாம்
3 பிப்ரவரி 1974

அன்புத் தம்பிக்கு,

அமைதி. நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

சொன்னதையெல்லாம் செய்தேன். பொறி நீலம். உன் சட்டைப் பித்தான் அளவுக்குப் பெரிய பொறி. மூடியைத் திறந்தேன். புஸ்ஸும் இல்லை, கிஸ்ஸும் இல்லை. பிளக்கின் நுனி வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. சூட்டோடு சூடாகக் கழற்றியதில் விரல் நுனியும் வெளுத்துவிட்டது. அது என்ன கோளாறு என்று நீ சொல்லவேண்டாம்.

இதைச் செய்துகொண்டிருந்த நேரத்தில் மந்தை என்னைவிட்டு ஆற்றுப் பக்கம் இறங்கிவிட்டது. பனி பிடிக்காத அந்தச் சுழல் உனக்குத் தெரியும். இரண்டு சினை மான்கள் அதில் போய்விட்டன. ஒன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. நான் கரையில் கையில் பிளக்கோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெய்கா போன அன்றும் இப்படித்தான் நின்றேன். ஆத்திரம் தாங்கவில்லை தம்பி. வண்டியை உதைத்தேன். கால்தான் வலித்தது.

மிக்கால் வந்து பார்த்தார். இந்த முறை கேலி பண்ணவில்லை. "பாவம், நீ என்ன பண்ணுவ, உன்னால ஆனது அவ்வளவுதான்" என்றார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கேலியாவது பரவாயில்லை.

உடனே பதில் போடு. மீன் ஆலையில் நீயே போய்ச் சேர்ந்துகொள்.

ரவ்னா


முகாம்
6 பிப்ரவரி 1974

அன்புள்ள தம்பி அஸ்லாத்துக்கு மிக்கால் எழுதிக்கொள்வது,

ஆண்டவன் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். உன் மனைவிக்கும் என் வாழ்த்துகள்.

உன் அக்கா எழுதியிருப்பாள். எதை எழுதினாளோ, எதை விட்டாளோ தெரியாது. தனியாக ஒரு பெண் மந்தைக் காவல் பார்ப்பது நடக்கிற காரியமா, நீயே சொல். ஒரு நாள் அவளைப் பனியில் விறைத்த கட்டையாகத் தூக்கிவருவோம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் என் மேல் பாய்கிறாள்.

காதில் உன் அடையாளம் வெட்டிய மான்களை வசந்தத்தில் என் மந்தையோடு ஓட்டிப்போக நீ சம்மதம் சொன்னால், அவளிடம் மிஞ்சுவது சொற்பம். பிறகு அவளே புரிந்துகொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுவாள். உன் மான்களுக்கு ஒரு குறையும் வராது. இலையுதிர் காலத்தில் உனக்கு இறைச்சி வந்து சேரும்.

இது நமக்குள் இருக்கட்டும். ஒரு வரி எழுது, போதும்.

மிக்கால்


முகாம்
27 பிப்ரவரி 1974

அஸ்லாத்துக்கு,

உயிரோடு இருக்கிறாயா?

தபால் வந்து சேரும் கடைக்குப் போகிறவர்களிடமெல்லாம் எனக்குக் கடிதம் உண்டா என்று கேட்டு வாய் வலிக்கிறது. ஒரு கடிதம் வந்ததாம், உன் கையெழுத்தாம். ஆனால் எனக்கில்லையாம், மிக்காலுக்காம். கொண்டுவந்த பையன் ஆள் மாறிச் சொல்கிறான் என்று நினைத்து அவனைத் திட்டி அனுப்பினேன்.

வண்டி அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் ஓடுகிறேன், நிற்கிறேன், ஓடுகிறேன். நிற்கிற நேரமெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். இந்தப் பக்கத்து மலைகளுக்கெல்லாம் உன் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது.

ரவ்னா


ஹம்மர்ஃபெஸ்ட்
6 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

அமைதி உண்டாகட்டும். தாமதத்துக்கு மன்னித்துவிடு. மீன் சீசன் உச்சத்தில் இருக்கிறது. பட்டறை வாசலில் படகுகள் வரிசையில் நிற்கின்றன. வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பில்லை.

பிளக் வெளுத்திருக்கிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் காற்று அதிகம் போகிறது. அதனால்தான் கொதிக்கிறது. கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பித்தளை ஜெட்டை மாற்றினால் சரியாகிவிடும். ஓட்டை பெரிதாக உள்ள ஒன்றை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். திருகும்போது அழுத்தாதே, பித்தளை மென்மையானது. பெட்ரோலில் எண்ணெயையும் கொஞ்சம் கூட்டிக் கல.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. மாடி அறைக்குக் குன்வோர் புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அஸ்லாத்


முகாம்
19 மார்ச் 1974

அஸ்லாத்,

குன்வோர் சுகமாக இருக்கட்டும். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

முதலில் உன் ஜெட்டின் கதை. மாற்றினேன். வண்டி இப்போது மீன் புகைபோடும் கொட்டகை மாதிரி புகைகிறது. ஆனால் சூடானதும் அதே சோர்வு. இதை ஞாயிற்றுக்கிழமை எல்லார் எதிரிலும் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மிக்கால் எழுந்தார். "தள்ளு, நான் பாக்கறேன்" என்றார். என் வண்டியின் முகப்பில் கட்டியிருந்த மான்தோலை அவிழ்த்துப் பனியில் எறிந்தார். "இதென்ன, பிள்ள பெத்தவளாட்டம் வண்டியப் போத்தி வச்சிருக்க?" என்றார். ஏறினார். பெரிய ஏரியைச் சுற்றி, மேட்டில் ஏறி, இறங்கி வந்து என் காலடியில் நிறுத்தினார். எஞ்சின் ஒரு இருமல் இருமவில்லை. "வண்டி தங்கம். ஓட்டுற கைதான் சரியில்ல" என்றார். நான் தோலை எடுத்துத் தட்டி, மறுபடி கட்டி, அவர் போன வழியிலேயே போனேன். ஏரி முடிவதற்குள் படுத்துவிட்டது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செத்தால்கூட இப்படி வேடிக்கை பார்க்கமாட்டார்கள்.

திரும்பி நடந்து வந்தேன். அப்போது அவர் என்னிடம், ஏதோ உபகாரம் செய்கிற குரலில் சொன்னார்: "ஏன் கஷ்டப்படற? உன் தம்பியே எழுதிட்டான், அவன் மானெல்லாம் என்னோட போகட்டும்னு. உனக்குச் சொல்லலியா?"

சொல்லலியா.

அந்தப் பையன் ஆள் மாறிச் சொல்லவில்லை. படகு வரிசையில் நின்றதாம், சாப்பிடத் தெம்பில்லையாம். மிக்காலுக்கு எழுத மட்டும் தெம்பு இருந்திருக்கிறது. நான் இங்கே வெறும் கையால் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே என் காலுக்குக் கீழேயிருந்து நிலத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய். அதற்கப்புறம் எனக்கு ஜெட் அனுப்புகிறாய்! அழுத்தித் திருகாதே என்று புத்தி வேறு சொல்கிறாய்!

அந்த மாடி அறை யாருக்காகக் காலியாகக் கிடக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. திரைச்சீலை வரைக்கும் போய்விட்டீர்கள்.

அவராவது முகத்துக்கு நேரே சொல்கிறார். நீ அன்புள்ள அக்கா என்று ஆரம்பிக்கிறாய்.

ஏன் செய்தாய்? அதற்குப் பதில் எழுது. கார்புரேட்டரைப் பற்றி எழுதாதே.

ரவ்னா


ஹம்மர்ஃபெஸ்ட்
27 மார்ச் 1974

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தத் தோல்தான்.

நான் பார்ப்பதெல்லாம் கடல் தண்ணீரில் குளிரும் எஞ்சின்கள். அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. உன் வண்டி காற்றில் குளிர்வது. முன்னால் இருக்கும் விசிறி காற்றை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே அனுப்பவேண்டும். அதன் வாயைத் தோலால் மூடியிருக்கிறாய். போதாததற்கு மான்தோல் முடி உதிர்க்கும். விசிறி அதையெல்லாம் உள்ளே இழுத்திருக்கும். மிக்கால் தோலை எறிந்தார், கொஞ்சம் காற்றுக் கிடைத்தது, ஒரு சுற்று ஓடியது. அவ்வளவுதான், அவர் கையில் ஒரு மந்திரமும் இல்லை.

எஞ்சினைச் சுற்றியுள்ள தகரக் கவசத்தைக் கழற்றிப் பார். பழைய ஜெட்டையே திரும்பப் போடு. அங்கே எல்லாரும் வண்டியை நிறுத்தும்போதுதான் தோல் போர்த்துவார்கள், கிளம்பும்போது எடுத்துவிடுவார்கள். நீ ஏன் எடுப்பதில்லை?

மற்றதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அஸ்லாத்


முகாம்
7 ஏப்ரல் 1974

அஸ்லாத்,

கழற்றினேன். தகடுகளுக்கு நடுவே முடி அடைத்து, எண்ணெயில் ஊறி, கருகி, கம்பளம் மாதிரி கெட்டித்திருந்தது. கத்தி முனையால் சுரண்டி எடுத்தேன். ஒரு தொப்பி நிறைய வந்தது. இப்போது வண்டி நாள் முழுக்க ஓடுகிறது. மிக்காலின் வண்டியைத் தாண்டிக்கொண்டு போனேன். அவர் முகத்தில் அடித்த பனியைத் துடைத்துக்கொண்டு நின்றார். சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

ஏன் எடுப்பதில்லை என்று கேட்கிறாய். காவல் மாற்ற ஆள் இருக்கிறவர்கள் எடுப்பார்கள். கூடாரத்துக்குத் திரும்பினால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறவர்கள் எடுப்பார்கள். நான் மந்தையோடு போனால் மந்தையோடுதான். பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரில் எஞ்சின் செத்தால் நானும் சாவேன். அதனால் இறுக்கிக் கட்டினேன். என் முழங்கால் இரண்டுக்கும் அந்தத் தோல்தான் சூடு. உன்னிடம் இதையெல்லாம் எழுதினால் உடனே மாடி அறை என்பாய், அதனால்தான் எழுதவில்லை. போதுமா?

கடைசியில் என்ன கண்டுபிடித்தோம்? எனக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. ஒரு தோல். ஒரு தொப்பி முடி. மிக்காலிடம் போய் அந்த முடியைக் காட்டினேன். "சரி சரி, இருக்கட்டும். உன் தம்பி குடுத்த வாக்கு வாக்குதானே" என்றார்.

வண்டி சரியாகிவிட்டது. இனி உனக்குச் சாக்கு இல்லை. மிக்காலுக்கு ஒரு வரி எழுது, மான்கள் அக்காவோடு இருக்கட்டும் என்று. கிளம்புவதற்குள் வந்து சேரும்படி எழுது.

ரவ்னா


ஹம்மர்ஃபெஸ்ட்
16 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

வண்டி சரியானதில் மிகவும் மகிழ்ச்சி. விசிறியின் பெல்ட்டையும் ஒரு முறை பார்த்துவிடு, சூட்டில் வெடித்திருக்கலாம். மாற்று பெல்ட் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

கொடுத்த வாக்கை எப்படித் திரும்பப் பெறுவது? உன் நல்லதை நினைத்துத்தான். கோடையில் நேரில் பேசிக்கொள்ளலாம்.

குன்வோர் உன்னை விசாரித்தாள்.

அஸ்லாத்


கடற்கரை முகாம்
9 ஜூன் 1974

அஸ்லாத்,

நான் சுகம். பெல்ட் வந்தது. பழையது வெடித்துத்தான் இருந்தது.

நாங்கள் மந்தையைப் பிரித்தோம். வேலிக்குள் இறங்கி, உன் காதடையாளம் போட்ட மான்களைச் சுருக்குக் கயிறு வீசி நானே பிடித்துக் கொடுத்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. மிக்கால் உன் மான்களோடு எனக்கு முன்னால் கிளம்பினார். மிஞ்சியதை ஓட்டிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். தனியாகத்தான். மலைக் கணவாயில் பனிப்புயல் பிடித்தது. எஞ்சின் ஒரு முறைகூடச் சோரவில்லை. நான்தான் சோர்ந்தேன். ஒரு மானையும் விடவில்லை.

இப்போது கேள். மிக்கால் தன் மந்தையை மேற்குக் கரைக்கு ஓட்டினார். சினை மான் முன்பு கன்று போட்ட இடத்துக்குத்தான் திரும்பிப் போகும். இது மிக்காலுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்கு மட்டும் மறந்துவிட்டது. உன் மான்கள் இத்தனை வருஷமும் கன்று போட்டது நான் கோடையில் தங்கும் இந்தக் கடல் முனையில். அவரைவிட்டு ஒவ்வொன்றாகக் கழன்று, மலையேறி இறங்கி, இங்கே வந்து சேர்ந்தன. வந்து என் மான்களுக்கு நடுவே படுத்துக் கன்று போட்டன.

மிக்கால் தேடிக்கொண்டு வந்தார். கன்று ஈரம் காயாமல் நிற்கிறது, தாய் நக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவற்றைத் துரத்துகிறவனை எங்கள் ஆட்கள் மனுஷனாக மதிக்கமாட்டார்கள். கூட வந்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓட்டிட்டுப் போங்க பெரியத்தான்" என்றேன். "யார் தடுக்கறா? வண்டியில ஏதும் கோளாறா?"

அவர் வண்டியைத் திருப்பினார். "கோடையில பாத்துக்கலாம்" என்றார். உன் வார்த்தையேதான். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறீர்களோ என்னவோ.

கோடை வந்துவிட்டது. இந்த மாதம் யோவான் திருநாள் கழிந்ததும் கன்றுகளின் காதில் அவரவர் அடையாளத்தை வெட்டுகிறோம். உன் வாக்கு தன் கையில் இருக்கிறது, அதனால் உன் கன்றுகளுக்கு உன் அடையாளத்தைத் தானே வெட்டி ஓட்டிப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லாரும் வருவார்கள். நீ இருக்கும் ஊருக்கு எதிர்க்கரைதான் இது. படகை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடலாம். ஊரே பட்டறைக்கு வந்து படகு ஓட்டிக்கொண்டு போகிறது, உனக்கு ஒரு படகு கிடைக்காதா?

நீ வந்து, வேலிக்குள் இறங்கி, அத்தனை பேருக்கும் முன்னால் உன் கத்தியால் உன் கன்றுகளின் காதில் உன் அடையாளத்தை வெட்டு. வெட்டிவிட்டு, இவை அக்காவோடு இருக்கும் என்று உன் வாயால் சொல். எழுத்து வேண்டாம். உன் எழுத்தை நான் பார்த்துவிட்டேன்.

வராவிட்டால், மிக்கால் கத்தி எடுப்பதற்குள் நான் எடுப்பேன். ஒவ்வொரு கன்றின் காதிலும் என் அடையாளத்தை வெட்டுவேன். அடுத்தவன் மானின் கன்றில் தன் அடையாளம் வெட்டுகிறவளுக்கு இங்கே என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெயரோடு இருந்துகொள்கிறேன். கேட்டால், எனக்குத் தம்பி இல்லை, அவன் மான்கள் எனக்கு வந்தன என்று சொல்லிவிடுவேன்.

வண்டியைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

ரவ்னா